வில்லையும் விலையும்

பினாங்கின் டத்தோ கிராமாட் சாலை தைப்பூசத் தேர்ப்பாதையின் ஒரு பகுதி. பினாங்கு வீதியிலுள்ள கோவில் வீட்டிலிருந்து காலையிற் புறப்படும் நகரத்தாரின் வெள்ளித்தேர், காளைகள் இழுக்க, வீதிதோறும் நின்று நின்று தண்ணீர்மலையை நோக்கிச் செல்லும். காரைக்குடியில் செய்து கப்பலேற்றி 1894ஆம் ஆண்டிற் கொண்டுவரப்பட்ட தேர் அது. 2017ஆம் ஆண்டு முதல் வேல் தாங்கிய பொற்றேரும் விழாவிற் சேர்ந்துகொண்டது. தேர் வரும் நாளில் வீதியின் இரு மருங்கிலும் தேங்காய்க் குவியல்களுக்கிடையே காமிராவைத் தாங்கி நிற்போர் பலர். அவர்களுள் தொழிலாகப் படம் எடுப்போரும் உண்டு. விடுமுறை நாளில் ஆர்வத்தால் எடுப்போரும் உண்டு. இவ்விரு சாராரிடையேயும் ஓயாது நிகழும் வழக்கு ஒன்றே: புதிதாக வெளிவந்துள்ள வில்லை, கேட்கும் விலைக்குத் தகுமா?

கடைவீதியில் 'லென்ஸ்' என வழங்குவதனையே தமிழ் நூலோர் வில்லை என்பர். வில்லைக்கும் விலைக்கும் எழுத்தளவில் ஒரு லகர ஒற்றே வேறுபாடு. பொருளளவில் அவ்வேறுபாடு எவ்வளவு என்பதே ஆராய்வதற்கு உரியது.

கணக்கை முதலிற் காண்போர்க்கு வியப்பே எஞ்சும். கேனன் நிறுவனம் 2018 செப்டம்பரில் தன் கண்ணாடியில்லாப் புதிய காமிரா வகையோடு 50 மில்லிமீட்டர் எஃப் 1.2 வில்லை ஒன்றை வெளியிட்டது. அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 2,299 டாலர். அதே நிறுவனம், அதே காமிராவுக்குப் பொருந்தும் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 வில்லையை 2020இல் 199 டாலருக்குத் தந்தது. முன்னதன் எடை 950 கிராம். பின்னதன் எடை 160 கிராம். நிக்கான் நிறுவனத்தாரும் இவ்வழியே சென்றனர். 2018இல் அவர்தம் எஃப் 1.8 வில்லை ஏறத்தாழ 600 டாலர். 2020இல் வந்த எஃப் 1.2 வில்லை ஏறத்தாழ 2,100 டாலர். இவ்விரண்டிற்கும் இடையே 2019இல் வந்த 58 மில்லிமீட்டர் எஃப் 0.95 வில்லையோ ஏறத்தாழ 8,000 டாலர். இறுதியிற் சொன்னதன் எடை இரண்டு கிலோகிராம். தானே குவியம் காணும் ஆற்றலும் அதற்கு இல்லை. கையாலேயே திருப்பிக் குவியம் காணவேண்டும்.

இவ்விலைகள் வெளியான காலத்தில் ஓர் அமெரிக்க டாலர் நான்கு ரிங்கிட்டிற்கு மேல் விற்றது. ஆகவே கேனன் எஃப் 1.2 வில்லை ஒன்றே ஒன்பதாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். மலேசியாவில் 2025ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த குறைந்த அளவு மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஐந்து மாதச் சம்பளத்திற்கு மேற்பட்ட தொகையை ஓர் உருளைக் கண்ணாடிக்குக் கொடுக்கலாமா என்று ஒருவர் தயங்கினால், அத்தயக்கத்தைக் கஞ்சத்தனம் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது.

பெறும் ஒளி எவ்வளவு? எஃப் என்னும் எண், வில்லையின் குவியத்தொலைவை அதன் ஒளிவாயிலின் குறுக்களவால் வகுத்துப் பெறுவது. எண் சிறுத்தால் வாயில் பெருக்கும். 50 மில்லிமீட்டர் வில்லை எஃப் 1.8 அளவில் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் வாயில் உடையது; எஃப் 1.2 அளவில் அது ஏறத்தாழ 42 மில்லிமீட்டர். ஒளியின் அளவு வாயிலின் பரப்பைப் பொறுத்ததாதலின், பெரிய வில்லை இரண்டேகால் மடங்கு ஒளியைத் தருகின்றது. கேனன் விலையோ பதினோரு மடங்கிற்கு மேல். அந்தி வேளையில், விளக்கேற்றிய தேரின் முன் எஃப் 1.8 வில்லையோடு நிற்பவர் ஒரு வினாடியில் 125இல் ஒரு பங்கு நேரம் மூடியைத் திறக்கிறார் என்று கொள்வோம். எஃப் 1.2 வில்லை வைத்திருப்பவர் அதே படத்தை 280இல் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துவிடலாம். காளையின் கொம்பசைவும் தேங்காய் உடைப்போரின் கைவீச்சும் சற்றுக் கூர்மையாய் விழும். பயன் இல்லை என்று சொல்ல இயலாது. ஆனால் இன்றைய காமிராக்களில் ஒளியுணர்வு எண்ணை ஒரு படி உயர்த்தினாலே அப்பயனிற் பெரும்பகுதி கிட்டிவிடும். படத்தில் சிறிது மணல் தூவினாற்போன்ற புள்ளி மிகும், அவ்வளவே. கோடாக்குரோம் வண்ணச்சுருள் 1935இல் வெளிவந்தபோது அதன் ஒளியுணர்வு மிகத் தாழ்ந்தது. அக்காலத்தவர்க்கு வில்லையின் ஒளிவாயில் வாழ்வும் சாவுமாக இருந்தது. இன்று அந்நெருக்கடி இல்லை. நெருக்கடி நீங்கிய பின்னரும் அதன் விலை மட்டும் நீங்காதிருப்பதே விந்தை.

இவ்வில்லைகளைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகள் இங்குத் தனியே ஆராயத்தக்கன. வாங்குவோர் மனத்தை ஆள்பவை அவையே. அவற்றின் நடையைக் கூர்ந்து நோக்கினால் தமிழாசிரியர்க்குப் பழகிய ஒரு குறை தெரியவரும். 'இந்த வில்லைக்கு ஒரு குணம் உண்டு', 'நிறத்தில் உயிர் துடிக்கிறது', 'உருவம் தாளைவிட்டு எழுந்து நிற்கிறது' என்றாற்போல வாக்கியங்கள் மலிகின்றன. எதனோடு ஒப்பிட்டு, எந்த ஒளியில், எந்த அளவுத் தாளில் அச்சிட்டுக் கண்ட முடிவு என்பதைச் சொல்வார் சிலரே. இது நயம் பாராட்டலேயன்றித் திறனாய்வு அன்று. பரிமேலழகர் பிறர் உரையை மறுக்கப் புகுமிடத்துக் காரணம் காட்டியே மறுப்பார், ஏற்குமிடத்தும் அவ்வாறே. அந்த ஒழுங்கில் பத்தில் ஒரு பங்கேனும் வில்லை மதிப்புரைகளுக்கு இருந்திருந்தால் பலருடைய ஒன்பதாயிரம் ரிங்கிட் பெட்டியிலேயே இருந்திருக்கும்.

மற்றொரு சாரார் முழுதும் அளவையில் இறங்கிவிடுவர். செங்கற்சுவரைப் படம்பிடித்து மூலைகளைப் பெரிதாக்கிக் காட்டுவர். கோட்டுப்படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். அக்கோட்டுப்படங்களுள் பல, செய்து முடித்த வில்லையை அளந்து பெற்றவையல்ல. வடிவமைப்புக் கணக்கிலிருந்து வரைந்தவை. ஆனாலும் குணம், உயிர் என்னும் பேச்சினும் இதுவே மேல். செங்கற்சுவரை வாழ்நாள் முழுதும் படம் எடுக்கப்போகிறவர் எவருமில்லை என்பது மட்டும் நினைவிருத்தல் வேண்டும்.

இந்த இரு சாராரும் ஒருமித்துப் போற்றுவது ஒன்று உண்டு. அது பின்புல மங்கல். வாயில் பெரிதாகப் பெரிதாக, குவியத்தில் நிற்கும் பொருளின் முன்னும் பின்னும் உள்ளவை மங்கிக் கரையும். ஜப்பானியர் இதற்கு 'பொக்கே' என்று பெயர் இட்டனர். 1990களின் இறுதியில் ஆங்கில இதழ்களின் வழியே அச்சொல் உலகெங்கும் பரவிற்று. மணமகளின் முகம் தெளிய, மண்டபத்து நாற்காலிகள் மறைவது அழகு என்பதை மறுப்பாரில்லை. நாற்காலிகளால் யாருக்கு என்ன பயன்? தைப்பூசத் தேரையும் அதே முறையில் எடுப்பதே கேள்விக்குரியது.

மூன்று மீட்டர் தொலைவில் காவடி எடுத்து நிற்கும் ஒருவரை 50 மில்லிமீட்டர் வில்லையால் எடுப்பதாக வைத்துக்கொள்ளலாம். வழக்கமாகக் கொள்ளும் 0.03 மில்லிமீட்டர் மங்கல் வட்ட அளவில் கணக்கிட்டால், எஃப் 1.2இல் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 26 சென்டிமீட்டர். எஃப் 1.8இல் 39, எஃப் 2.8இல் 60, எஃப் 5.6இல் ஒரு மீட்டருக்கு மேல். 26 சென்டிமீட்டர் என்பது ஒரு சாண் அளவினும் சிறிதே கூடுதல். கன்னத்தில் தைத்த வேல் தெளியும்; காவடியின் பின்வளைவு தெளியாது; முதுகுப்புறம் துணைக்கு நிற்கும் உறவினர் தெளியார்; அவர்க்கு அப்பாலுள்ள கடைப்பலகையும், தோளில் பிள்ளையை ஏற்றி நிற்கும் தந்தையும், சாலையின் பெயரும் வெறும் வண்ணத் திட்டுகளாய் முடியும். அப்படம் டத்தோ கிராமாட்டில் எடுத்ததா, பத்துமலையில் எடுத்ததா என்று பிற்காலத்தில் ஒருவர் கேட்டால், படம் வாய் திறவாது.

பழைய படங்கள் வாய் திறக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பினாங்கில் தொழில் நடத்திய ஆகஸ்ட் கவுல்ஃபுஸ் என்னும் ஜெர்மானியர் போன்றோர் பெரிய கண்ணாடித் தகடுகளில், சுருக்கிய ஒளிவாயிலில், முக்காலியிற் காமிராவை நிறுத்திப் படம் எடுத்த காலம் அது. ஒளி பெறுவதற்கு நெடுநேரம் பிடிக்கும். அசைந்த ஆள் ஆவிபோல் கரைவான். ஆயின் அசையாதன யாவும் அருகிலிருந்து அடிவானம் வரை துலங்கும். அக்காலத்துத் தெருப்படங்களில் கடைப்பெயரையும் வண்டிச் சக்கரத்தின் ஆரத்தையும் இன்றும் எண்ணிப் படிக்கலாம். வரலாறு எழுதுவோர் தேடிச் செல்வது இவற்றையே. வில்லையின் வலிமை இன்மையே அப்படங்களின் வலிமையாயிற்று. மலேசியத் தமிழர் விழாக்களின் எழுத்துச் சான்றுகள் போதிய அளவில் இல்லாத நிலையில், ஆண்டுதோறும் எடுக்கப்படும் படங்கள் வெறும் அழகுப் பொருள்களாக மட்டும் அமைவது பெரும் இழப்பு. அந்த இழப்பிற்குக் கூடுதல் விலையும் கொடுக்க வேண்டியிருப்பதே இதிலுள்ள முரண்.

உயர்விலை வில்லையின் வரலாறு முழுதும் வீண்செலவின் வரலாறு என்று கொள்ளுதலும் தவறு. 1839இல் நிழற்படக்கலை பாரிசில் அறிவிக்கப்பட்டபோது ஓர் உருவப்படத்திற்குப் பல நிமிடம் அசையாது அமர வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு வியன்னாவில் கணிதப் பேராசிரியர் யோசப் பெட்சுவால், ஆஸ்திரியப் பீரங்கிப் படையின் கணக்கர் சிலர் துணைசெய்ய, புதியதொரு வில்லையைக் கணக்கிட்டு அமைத்தார். அது பெற்ற ஒளி முன்னையினும் பன்மடங்கு. உருவப்படத் தொழில் உலகில் தழைத்தது அதனால். வோய்க்லாந்தர் நிறுவனம் அதனை விற்றுப் பெரும்பொருள் ஈட்டியது. பெட்சுவாலுக்குக் கிடைத்தது ஒருமுறை கொடுத்த தொகையும் நெடுநாட் பூசலுமே. வில்லையின் விலையில் அறிஞனின் பங்கு எவ்வளவு என்ற கேள்வியும் அன்றே எழுந்துவிட்டது.

1896இல் சைஸ் நிறுவனத்துப் பவுல் ருடால்ஃப் 'பிளானார்' என்னும் வில்லையை வகுத்தார். ஆறு கண்ணாடிகள் நான்கு தொகுதியாய் அமைந்தது. காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் முகங்கள் எட்டு. ஒவ்வொரு முகத்திலும் ஏறத்தாழ நூற்றில் நான்கு பங்கு ஒளி திரும்பிவிடும். திரும்பிய ஒளி உள்ளேயே அலைந்து படத்தை வெளுக்கச் செய்யும். கணக்கிற் சிறந்த வில்லை, நடைமுறையில் நிறம் வெளுத்த படங்களைத் தந்தது. அதே ருடால்ஃப் 1902இல் நான்கே கண்ணாடிகளால் அமைத்த 'டெசார்' எளிமையாலும் விலைக்குறைவாலும் வென்றது. 1935இல் அலெக்சாண்டர் ஸ்மக்குலா கண்ணாடிமேல் மெல்லிய பூச்சிட்டு ஒளி திரும்புதலைத் தடுக்கும் முறையைக் கண்ட பின்னரே பிளானார் அமைப்பிற்கு விடிவு வந்தது. பின்னர் உலகின் 50 மில்லிமீட்டர் வில்லைகளிற் பெரும்பாலானவை அவ்வழியின. பூச்சின் அருமையை இன்றைய எடுத்துக்காட்டால் உணரலாம். நிக்கானின் எஃப் 1.2 வில்லையிற் கண்ணாடிகள் 17, தொகுதிகள் 15, முகங்கள் 30. பூச்சு இல்லாதிருப்பின் உட்புகுந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்குகூட வெளிவாராது. ஆகவே விலையில் ஒரு பகுதி கண்ணாடிக்கு அன்று. கண்ணுக்குத் தெரியாத பூச்சிற்கு.

பெயருக்கு விலை கொடுத்தலும், திறனுக்கு விலை கொடுத்தலும் வேறென்பதற்கு 1950ஆம் ஆண்டு நிகழ்ச்சி நல்ல சான்று. 'லைஃப்' இதழின் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் இருந்தபோது, ஜுன் மிகி என்னும் ஜப்பானிய நிழற்படக்காரர் 85 மில்லிமீட்டர் எஃப் 2 நிக்கார் வில்லையால் அவரைப் படம் எடுத்தார். படத்தின் தெளிவு டங்கனை வியப்பில் ஆழ்த்திற்று. அவர் நிப்பான் கோகாக்கு ஆலைக்குச் சென்று சோதித்து, தம் ஜெர்மானியக் காமிராவில் ஜப்பானிய வில்லைகளைப் பொருத்திக்கொண்டு கொரியப் போர்முனைக்குப் போனார். அவ்வாண்டு டிசம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழ் இச்செய்தியை வெளியிட்ட பின்னர், ஜெர்மானிய வில்லைக்கு நிகரில்லை என்ற நம்பிக்கை தளர்ந்தது. டங்கன் குணம், உயிர் என்று பேசவில்லை, சோதித்தார். வில்லையை வாங்குவோர் மேற்கொள்ள வேண்டிய முறை அதுவே.

தமிழ்நாட்டிலும் இவ்வாராய்ச்சிக்கு உதவும் ஒருவர் உண்டு. கோட்டையூர் ஏ. கே. செட்டியார் டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் நிழற்படக்கலை பயின்றவர். காந்தியடிகளைப் பற்றிய முழுநீள ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்டவர். கருவி அறிவில் அவருக்கு இணையாவார் அக்காலத் தமிழரிடையே அரியர். ஆயினும் அவர் செய்த அரும்பணி புதிய வில்லை வாங்கியது அன்று. முப்பது ஆண்டுகளில், பல நாடுகளில், ஏறத்தாழ நூறு பேர் எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடி அலைந்து ஐம்பதினாயிரம் அடியளவில் திரட்டியதே. நூறு பேர் என்றால் வில்லைகளும் பல தரத்தன. தெளிந்தனவும் உண்டு, மங்கியனவும் உண்டு. காந்தியடிகள் நடந்த காட்சி இருந்ததா என்பதே அவர் கேட்ட கேள்வி.

உயர்விலை வில்லை உண்மையிலேயே தகுதி பெறும் இடம் எது? தேரிலேயே அதற்கு விடை இருக்கிறது. வாயிலை முழுதும் திறந்து, வரிசை வரிசையாக விளக்கேற்றிய தேரை எடுத்தால், மலிவான வில்லை படத்தின் நடுவிலுள்ள விளக்கைப் புள்ளியாகவும், ஓரத்து விளக்கைச் சிறகு விரித்த பூச்சி போலவும் காட்டும். இக்குறையைப் போக்குவதற்கென்றே நிக்கான் 1977இல் 58 மில்லிமீட்டர் எஃப் 1.2 'நோக்ட்' வில்லையை வெளியிட்டது. கோளவடிவிலிருந்து விலகிய அதன் முன்கண்ணாடி கைத்திறனால் தேய்க்கப்பட்டது. அதனால் விலையும் ஏறிற்று. இன்று அத்தகைய கண்ணாடியை அச்சில் வார்த்தெடுக்கும் முறை வந்துவிட்டது. எனினும் குறை முற்ற நீக்குவதற்குப் பல கண்ணாடிகள் தேவை. பெரிய கண்ணாடிகள் தேவை. இங்கே கொடுக்கும் பணத்திற்குக் கண்கூடான பொருள் கிடைக்கின்றது. சுவரளவு அச்சிடுவோர்க்கு இது வேண்டும்; கைப்பேசித் திரையில் பார்த்து மகிழ்வோர்க்கு வேண்டா.

நீரும் தூசும் புகாத காப்பு மற்றொன்று. கேனன் எஃப் 1.2 வில்லைக்கு அது உண்டு. 199 டாலர் வில்லைக்கு இல்லை. தேர் செல்லும் வீதியில் மழையைவிடத் தேங்காய் நீருக்கே காமிரா அஞ்ச வேண்டும் என்பதைப் பினாங்குவாசிகள் அறிவர். எனினும் ஒரு நெகிழித் தாளும் இரப்பர் வளையமும் இப்பணியைச் சில காசுகளில் முடித்துவிடும்.

திருமண மண்டபங்களில் படம் எடுத்துப் பிழைப்போரின் நிலை வேறு. ஒளி மங்கிய மண்டபம், திரும்ப நிகழாத தாலி கட்டும் கணம், உடனே குவியம் காணவேண்டிய அவசரம் ஆகியவை அவர்க்கு உண்டு. விரைவான குவியப் பொறிக்கு அவர் கொடுக்கும் விலை தொழிலின் முதல். ஆண்டு முழுதும் பல திருமணங்கள் கிடைப்பின் அம்முதல் திரும்பும்; இல்லையேல் தவணைக்கடனாய் நிற்கும். வாடகைக்கு எடுத்து ஒரு திருமணத்திற் பழகிப் பார்ப்பவர் அறிவாளி. ஸ்டான்லி கூப்ரிக் மெழுகுவத்தி ஒளியிலேயே காட்சிகள் எடுக்க, நாசா நிறுவனத்துக்காகச் சைஸ் செய்த எஃப் 0.7 வில்லைகளில் மூன்றை வாங்கி 'பாரி லிண்டன்' என்னும் 1975ஆம் ஆண்டுப் படத்திற் பயன்படுத்தியதைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அவர் வில்லையை வாங்கியபின் காட்சியைத் தேடவில்லை. மெழுகுவத்தி ஒளி வேண்டும் என்று தீர்மானித்து, அதன்பின் வில்லையைத் தேடினார்.

திருவள்ளுவர் தெரிந்து செயல்வகையில், ஒரு வினையால் அழிவதையும் ஆவதையும், ஆகியபின் தொடர்ந்து வரும் ஊதியத்தையும் ஒருங்கே எண்ணச் சொல்கிறார். மூன்றாவதாகச் சொன்ன ஊதியத்தை வில்லை வாங்குவோர் எண்ணுவது அரிது. நல்ல வில்லை இருபது ஆண்டுகள் உழைக்கும். காமிரா உடல் அவ்வளவு காலம் நில்லாது. ஆகவே உடலைக் காட்டிலும் வில்லையிற் பணம் இடுவது அறிவுடைமை என்னும் பழைய வழக்கு பெருமளவு உண்மையே. ஆனால் அண்மைக்காலத்தில் நிறுவனங்கள் காமிரா வாயின் அமைப்பையே மாற்றிவிட்டன. பழைய வில்லை புதிய உடலில் இடைவளையம் இன்றிப் பொருந்தாது. இருபதாண்டு உழைக்கும் என்ற கணக்கில் இனி சிறிது கழித்துக்கொள்ள வேண்டும்.

2024இல் நிக்கான் வெளியிட்ட 50 மில்லிமீட்டர் எஃப் 1.4 வில்லை ஏறத்தாழ 500 டாலருக்கு வந்தது. எடை 420 கிராம். எஃப் 1.2 வில்லையோடு ஒப்பிட்டால் ஒளியில் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மேல் குறைவு. விலையிலோ நான்கில் மூன்று பங்கிற்கு மேல் குறைவு. தொடக்க விலையில் எஃப் 1.8 வில்லையினும் அது மலிவு என்பதும் கருதத்தக்கது. முழுதும் திறந்தால் ஓரங்களில் அத்துணைத் தெளிவு இராது. எஃப் 2.8க்குச் சுருக்கினால் ஓரத்து விளக்குகள் திருந்தும். தேருக்குப் பின்னே கடை வாயிலில் தட்டேந்தி நிற்பவர்களும் ஓரளவு அடையாளம் தெரிவர்.